இருபத்தாறு கிலோவும் ஒரு கோப்பை சாக்லேட்டும்

1

இந்த ஜனவரியோடு நான் அந்தமானுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. வேலையில் சேர்ந்த அன்று மருத்துவப் படிவத்தில் என் எடை அறுபத்தைந்து கிலோ என்று எழுதினார்கள். மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றவனின் எடை அது. போன அக்டோபரில் தொண்ணூற்றொன்று. கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை, வருஷத்துக்கு ஒரு கிலோ. அரசாங்கம் இன்கிரிமென்ட் கொடுத்ததோ இல்லையோ, உடம்பு ஒரு வருஷம்கூடத் தவறாமல் கொடுத்திருக்கிறது.

இந்த எண்ணை நான் தேடிப்போய்த் தெரிந்துகொள்ளவில்லை. ஹெலிகாப்டர் நிலையத்தில் அறிவித்தார்கள். நான் அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். கார் நிக்கோபாரில் ஊழியர் குடியிருப்பின் கூரை ஒழுகுகிறது, போய்ப் பார்த்து எழுது என்று உத்தரவு வந்தது. எங்கள் தீவுகளுக்கிடையே பறக்கும் ஹெலிகாப்டரில் பெட்டியை மட்டும் எடை போட மாட்டார்கள், ஆளையும் போடுவார்கள். ஊரில் நெல் மூட்டை ஏறும் தராசைப்போல ஒன்று இருக்கும். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏற வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மேஜையில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

"இக்யானவே!" என்று அவர் கூவினார். இந்தியில் தொண்ணூற்றொன்று. வந்த புதிதில் எண்கள் மட்டும் எனக்கு இந்தியில் பிடிபடவே இல்லை. கடைக்காரர் சொல்லும் விலை புரியாமல் நோட்டை நீட்டிவிட்டு நிற்பேன். இன்றைக்கு இது புரியாமல் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற பிஸ்வாஸ் தாதாவுக்கும் நன்றாகவே புரிந்துவிட்டது. என்னோடு அதே பிரிவில் வேலை பார்க்கும் வங்காளி அவர், எனக்கு இரண்டு வயது மூத்தவர், அதனால் வங்காளிகள் அண்ணனை அழைப்பதுபோல எனக்கு அவர் 'தாதா'.

"அரே வேலு பாபு, கூரை ஏன் ஒழுகுதுன்னு மேலே ஏறிப் பார்க்காதீங்க. கீழேயிருந்தே எழுதிடுங்க" என்று இந்தியில் சொன்னார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

2

எடை ஏறியதற்குக் காரணங்கள் பல. நாற்காலி, மீன் வறுவல், அரிசி, என் சோம்பல். ஆனால் கடைசி ஐந்தாறு கிலோவுக்கு ஒரே காரணம்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நாங்கள் இருப்பது பத்துபஸ்தி. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடரும் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அலுவலகம் பாம்பூஃப்ளாட்டில். காலையில் சாத்தம் படகுத்துறைக்குப் போய்ப் படகு ஏறி அக்கரை, மாலையில் அதே படகில் இக்கரை. இங்கே சூரியனுக்கு அவசரம் அதிகம். ஊரில் பிள்ளைகள் பள்ளி விட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் ஐந்தரை மணிக்கு எங்களுக்கு இருட்டிவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து போனில் பேசும் அண்ணன் இன்றுவரை இதை நம்பவில்லை. "அஞ்சரைக்கு என்னடா இருட்டு, கரண்ட்டு போயிருச்சா?" என்பார்.

என் மகள் கயலுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு மழை நாள். படகிலேயே நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தேன். அவள் தோழி வீட்டில் கற்றுக்கொண்டு வந்தாள்போல, ஒரு கோப்பை ஹாட் சாக்லேட் போட்டுக் கொடுத்தாள். இங்கே பசும்பால் எல்லா நாளும் கிடைக்காது, பால்பவுடர்தான். அதில் டின்னில் வரும் சாக்லேட் பவுடர் மூன்று கரண்டி, மேலே கண்டென்ஸ்டு மில்க்கை ஒழுகவிட்டு ஒரு கலக்கு. மிச்சமிருந்த கண்டென்ஸ்டு மில்க் டின்னுக்குள் விரலை விட்டு வழித்து நக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அப்படியொரு இனிப்புப் பைத்தியம்.

அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கு இரண்டு கோப்பை. என் மனைவி சாந்தி தேநீர்க் கட்சி, அவள் சேரமாட்டாள்.

இப்போது கயல் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் இரண்டாம் பாடமாக இந்தி எடுத்தவள். நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். பெரியப்பா போனில் "சாப்பிட்டியாம்மா?" என்றால் "அபி தக் நஹி, பெரியப்பா" என்பாள், இன்னும் இல்லை என்று. அவர் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "பிள்ளை என்னடா சொல்லுது?" என்பார். பள்ளி, ட்யூஷன், தோழிகள், கைபேசி போக எனக்குக் கிடைப்பது அந்தக் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணியில் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும். யாரோடு சண்டை, எந்த வாத்தியார் யாரைப் பார்த்து என்ன சொன்னார், கெமிஸ்ட்ரி ஏன் இவ்வளவு கொடுமை, எல்லாம் வரும்.

ஜூனில் அவள் கல்லூரிக்கு மெயின்லாண்ட் போய்விடுவாள். தீவுப் பிள்ளைகளுக்கான இடத்துக்கு விண்ணப்பிக்க, நாங்கள் தீவுக்காரர்கள்தான் என்று காட்டும் காகிதங்களோடு ஒரு மாதம் அலைந்தேன். இருபத்தாறு வருஷம் இங்கே இருந்தவனிடம் "இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன். ஒவ்வொரு முத்திரை விழும்போதும் சந்தோஷமாகவும் இருந்தது, அவள் ஊர் போகும் நாள் ஒரு முத்திரை கிட்டே வந்ததுபோலவும் இருந்தது.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. அது பாட்டுக்குப் போயிரும், நீங்கதான் இங்க உக்காந்து டம்ளரைப் பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க" என்பாள் சாந்தி.

3

கார் நிக்கோபாரிலிருந்து திரும்பியதும் சாந்தி என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். டாக்டர் தெலுங்குக்கார அம்மா. இந்தியில் வேகமாகப் பேசுவார் என்று துணைக்குக் கயல் வந்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்கரை கோட்டின்மேல் நிற்கிறது, இந்தப் பக்கமும் விழலாம், அந்தப் பக்கமும் விழலாம் என்றார். மூன்று மாதம் தருகிறேன், எடை குறைந்து இதுவும் குறைந்தால் சரி, இல்லையென்றால் மாத்திரை, ஆயுள் முழுக்க என்றார்.

என் அப்பா கால் விரலை இழந்தது சர்க்கரையில்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு என்னென்ன உள்ளே போகிறது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். காலை தேநீர், சர்க்கரை இரண்டு கரண்டி. படகுத்துறையில் சமோசா. அலுவலகத்தில் இன்னும் இரண்டு தேநீர். இரவில் சோறு. மிக்சரைக்கூட ஒப்புக்கொண்டேன். ஹாட் சாக்லேட்டை மட்டும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் அதைத்தான் முதலில் வெட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயலை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, பக்கத்தில் சாட்சியை உட்கார வைத்துக்கொண்டு நான் அதைச் செய்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதான்" என்றேன்.

கயல் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவிலும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஐந்தரைக்கு வழக்கம்போல இரண்டு கோப்பை வந்தது. நான் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடும் நிறைய நிம்மதியோடும் குடித்தேன்.

4

மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன் என்று பெருமையாகவே சொல்வேன். ஸ்கூட்டரை வீட்டில் விட்டேன். படகுத்துறைவரை பாதி தூரம் நடை, மீதி பஸ். தேநீரில் சர்க்கரை போனது. சமோசாக் கடையைத் தாண்டும்போது கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரவுச் சோறு பாதியானது. எடை மெல்ல இறங்கியது. டிசம்பரில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

பிஸ்வாஸ் தாதாவின் கண்ணில் அந்த ஓட்டை பட்டுவிட்டது.

"க்யா ராஸ் ஹை, வேலு பாபு? ரகசியத்தைச் சொல்லுங்க" என்றார்.

ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சுகம். நடந்தேன், சோற்றைக் குறைத்தேன் என்று சொன்னால் அதில் என்ன கௌரவம்? "தினமும் சாயங்காலம் ஹாட் சாக்லேட் குடிக்கிறேன். எத்தனை வருஷமாகக் குடிக்கிறேன், பாருங்கள், இளைக்கத்தானே செய்கிறேன்? சாக்லேட் கறுப்பு, நெஞ்சுக்கு நல்லது, பசியை அடக்கும்" என்றேன். எங்கோ யாரோ சொன்னதை டாக்டர் மாதிரியே சொன்னேன். மனதுக்குள் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. குடித்தும் இறங்குகிறதே, அப்படியானால் குற்றவாளி அதுவாக இருக்க முடியாதே.

தாதா ஒரு காரியத்தில் இறங்கினால் தீவுக்காரர் மாதிரிதான் இறங்குவார். இங்கே நாங்கள் ஒன்று வாங்கமாட்டோம். அடுத்த கப்பல் எப்போதோ என்று நான்காக வாங்குவோம். வெங்காயமும் அப்படித்தான், உளுந்தும் அப்படித்தான். அவர் கடைவீதியில் இருந்த சாக்லேட் டின்களில் நான்கைத் தூக்கிக்கொண்டு போனார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வீட்டில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நெஞ்சுக்கு நல்லது செய்துகொண்டார்.

ஜனவரி முதல் வாரம். கடல் சரியில்லாமல் சரக்குக் கப்பல் வராமல் மூன்று வாரம் ஆகியிருந்தது. படகில் தாதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சு அழுந்தியது.

"நாலு டின்னும் தீர்ந்துபோச்சு. எனக்கு மூணு கிலோ ஏறியிருக்கு. சரியா இருவத்தொண்ணு நாள் பழகினா இறங்கும்னு என் பையன் போன்ல பாத்துச் சொல்றான். ஆனா எந்தக் கடையிலயும் ஒரு டின் இல்ல. ஒரு மாசமா இல்ல. உங்க வீட்டுல இருக்குமே, ஒண்ணு கொடுங்க" என்றார்.

"அதுக்கென்ன தாதா, நாளைக்கே கொண்டுவர்றேன்" என்றேன்.

சாத்தத்தில் இறங்கி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகக் கடையில் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு டின் இருபது நாளைக்குமேல் தாங்காது. நான் கடைசியாக டின் வாங்கியது தீபாவளிக்கு முன்னால். தீவில் இருப்பவன் மனைவியின் பிறந்தநாளை மறப்பான், வீட்டில் எந்த டின் எப்போது தீரும் என்பதை மறக்கமாட்டான். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எதை இறக்கியது என்பது எங்களுக்கு மனப்பாடம். நான் மூன்று மாதமாக ஒரே டின்னிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன், என் மூளை ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. ஆசைக்கு வெட்கம் மட்டுமா தெரியாது, கணக்கும் தெரியாது.

5

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குள் நுழைந்து டின்னைத் திறந்தேன். பழைய டின்தான். உள்ளே இருந்தது வேறு. எங்கள் பவுடர் வெளிர் பழுப்பில் சர்க்கரை மினுமினுக்க இருக்கும். இது கறுத்து, மாவாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு. பக்கத்தில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் பாக்கெட், ஒரு குப்பியில் இடித்த பட்டை. கண்டென்ஸ்டு மில்க்கைக் காணவே காணோம்.

கயல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டது யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"இது என்னம்மா?"

"கோகோ. ட்யூஷன் போற வழியில பேக்கரி இருக்குல்ல, அங்க கேக்குக்குப் போடுறது. அந்த ஆன்ட்டி பேக்கெட்ல கட்டிக் கொடுப்பாங்க."

"எப்ப இருந்து?"

"டாக்டர்கிட்ட போன மறுநாள்ல இருந்து." தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது, அது போகும்வரை காத்திருந்தாள். "முதல்ல சீனி ரெண்டு ஸ்பூன் போட்டேன். வாரா வாரம் தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். நவம்பர்ல சீனியே இல்ல. பட்டை போட்டா இனிக்கிற மாதிரி இருக்கும்னு ஆன்ட்டி சொன்னாங்க. நீங்ககூட ஒருநாள், இன்னைக்கு நல்லா இருக்குன்னீங்க."

சொன்னேன்தான். பட்டை வாசத்துக்கு.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மருந்து குடிக்கிற மூஞ்சி வெச்சுக்கிட்டுக் குடிப்பீங்க. அப்புறம் குடிக்கவே மாட்டீங்க." அவள் டின்னை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "டாக்டர்கிட்ட சமோசா சொன்னீங்க, மிக்சர் சொன்னீங்க. இதை மட்டும் சொல்லல. மை சமஜ் கயி, பா. எனக்குப் புரிஞ்சிருச்சு. அதான் நானும் ஒண்ணும் சொல்லல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தி உள்ளேயிருந்து, "என்ன அங்க பஞ்சாயத்து?" என்றாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. பட்டையை இடித்துக் கொடுத்ததே அவள்தானாம். மூன்று மாதமாக இந்த வீட்டில் எதுவும் தெரியாத ஒரே ஆள் நான்தான். இதைப்போல ஒரு சந்தோஷமான முட்டாள்தனம் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

மறுநாள் தாதாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தன் வயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்போ என் மூணு கிலோவுக்கு உங்க பொண்ணுதான் பொறுப்பு" என்றார். "இல்லை தாதா, என் வாய்தான் பொறுப்பு" என்றேன். இப்போது அவரும் என்னோடு நடக்கிறார், மூச்சு வாங்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார்.

6

போன வாரம் மறுபடி டாக்டர். எடை எண்பத்து மூன்று. சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மாத்திரை வேண்டாம், இப்படியே இருங்கள் என்றார். இந்த முறை சாக்லேட் கதையையும் நானே சொன்னேன், என்னுடைய இந்தியில், உதவியில்லாமல். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கோகோ உங்கள் எதிரி இல்லை, அதில் கரைந்து வந்த சர்க்கரையும் டின்பாலும்தான் எதிரி என்றார். குடிக்கிற இனிப்பு வயிற்றை நிரப்பாது, அதனால் அதைக் குடித்துவிட்டுச் சாப்பாட்டையும் முழுசாகச் சாப்பிடுவோம் என்றார். அதற்காகக் கோகோ குடித்து இளைத்தேன் என்றும் ஊரெல்லாம் சொல்லாதீர்கள், எந்தப் பானமும் யாரையும் இளைக்க வைக்காது, நடந்ததும் சோறு குறைந்ததும்தான் பெரிய வேலை, உங்கள் மகள் செய்தது ஓட்டையை அடைத்தது என்றார். ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம், சிலருக்குத் தூக்கம் கெடும், சாயங்காலம் குடியுங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். எங்கள் சூரியன் அதைப் பார்த்துக்கொள்ளும்.

நேற்றைக்குக் கப்பல் வந்தது. கடைவீதியில் திருவிழாக் கூட்டம். சாக்லேட் டின்கள் அடுக்கிவைத்திருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை. ஒரே ஒரு கண்டென்ஸ்டு மில்க் டின் மட்டும் வாங்கினேன், கயலுக்காக. மூன்று மாதம் எனக்காக உழைத்த பிள்ளை, பரீட்சை வேறு வருகிறது, ஒல்லிக்குச்சியாக இருக்கிறாள்.

ஐந்தரைக்கு அடுப்பை நானே பற்றவைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. என் கோப்பையில் வெறும் கோகோ. அவளுடையதில் சர்க்கரை, மேலே கண்டென்ஸ்டு மில்க்கைத் தாராளமாக ஒழுகவிட்டேன். பன்னிரண்டு வயதில் அவள் எனக்குச் செய்ததைப்போலவே.

ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"ரொம்ப மீட்டா இருக்கு, பா. இதை எப்படிக் குடிக்கிறது?"

"டின்னுக்குள்ள விரலை விட்டு வழிக்கிற ஆளு நீ. உனக்கு இனிப்பு ஜாஸ்தியா?"

"அது பழைய கதை. மூணு மாசமா நானும் உங்க பாத்திரத்துல இருந்துதானே குடிக்கிறேன்? தனியா சீனி போட்டுக்கிட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் எனக்காகச் சர்க்கரையைக் குறைத்தாள் என்று அத்தனை பேரிடமும் சொல்லி உருகியவன், எதிரே இருந்த கோப்பையில் என்ன இருந்தது என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

"கசக்கலையா உனக்கு?"

"முதல் வாரம் ரொம்பக் கசந்துச்சு. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்களா, குடிச்சிட்டேன். அப்புறம் ஆதத் ஆயிருச்சு, பழகிருச்சு."

சாந்தி எட்டிப் பார்த்து, அந்த இனிப்புக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "அப்பாடா, அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு ஒரு கோப்பை விழுந்துச்சு" என்றாள். அவள் தேநீர்க் கட்சி என்று யார் சொன்னது? நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அவளைக் கேட்டதில்லை.

பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவளுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருந்தது. ஆனால் அவள் வாய் நிறைய சாக்லேட்டோடு இருந்ததால் விட்டுவிட்டேன்.

கயல் என் கோப்பையை எடுத்து, காலியாக இருந்த டம்ளரில் பாதியை ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோகோ கட்டி கட்டியா இருக்கு. முதல்ல கொஞ்சம் சுடுதண்ணியில குழைச்சுக்கணும், பா. ஜூனுக்குள்ள கத்துக்கோங்க."

சரி என்றேன்.